காஞ்சியில் மணிமேகலை கற்ற பாடம்

தூரத்தில் ஒரு மலை. அதன் உச்சியில் புகை எழும்புகிறது.

"அங்கே நெருப்பு இருக்கிறது" என்கிறீர்கள்.

நெருப்பை நீங்கள் பார்த்தீர்களா? இல்லை. பார்த்தது புகையை மட்டும்தான். பிறகு எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னீர்கள்?

உங்கள் வாய் சொல்லாத ஒன்றை உங்கள் மனம் சொல்லிவிட்டது. "புகை இருக்கும் இடத்தில் நெருப்பும் இருக்கும்" என்பதே அது. இந்தச் சொல்லாத சொல் இல்லாவிட்டால் உங்கள் பேச்சு நிற்காது. விழுந்துவிடும்!

நாம் "ஆகவே" என்று சொல்லும்போதும், "அதனால்" என்று சொல்லும்போதும் இப்படி ஒரு சொல்லாத சொல் பின்னால் நிற்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்படி உத்தியோகப் பரீட்சைகளில் கேள்வி கேட்கிறார்கள். பாங்கி உத்தியோகத் தேர்வில் இது வருகிறது. ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வில் 2011-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட திறனறித் தாளிலும் வருகிறது. அமெரிக்காவில் சட்டக் கல்லூரியில் சேர 1948-ஆம் ஆண்டு முதல் ஒரு நுழைவுத் தேர்வு நடக்கிறது. அங்கேயும் இன்று இது பேர்பெற்ற கேள்வி.

இதற்கு 'எடுகோள்' என்று பெயர். அதாவது, வாயால் சொல்லாமலே உண்மை என்று எடுத்துக்கொண்ட கருத்து.

இது ஏதோ வெள்ளைக்காரர் கண்டுபிடித்த வித்தை என்று எண்ணிவிடாதீர்கள்! ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம்மிடம் இருக்கும் ஒரு தமிழ்க் காப்பியம், இந்தப் பாடம் காஞ்சிபுரத்தில் நடந்ததாகச் சொல்கிறது. பாடம் கேட்டவள் ஒரு பெண்!

முதலில் சோறு, பிறகு பாடம்

அந்தப் பெண் மணிமேகலை. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள். சீத்தலைச் சாத்தனார் பாடிய 'மணிமேகலை' காப்பியத்தின் நாயகி. ஏட்டில் கிடந்த இந்தக் காப்பியத்தை உ.வே.சாமிநாதையர் ஆராய்ந்து 1898-ஆம் ஆண்டு அச்சிட்டார்.

மணிமேகலையின் கையில் அமுதசுரபி இருந்தது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம்! பசித்தவர்களுக்கெல்லாம் சோறு கொடுத்தாள்.

அவளுக்கு இன்னொரு பசியும் இருந்தது. அது அறிவுப் பசி. வஞ்சி நகருக்குப் போனாள். பெண்ணாகப் போகவில்லை, ஆண் துறவியின் வேடத்தில் போனாள். பல சமயத் தலைவர்களையும் கண்டு, "உங்கள் கொள்கை என்ன?" என்று கேட்டாள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது?

அங்கிருந்து காஞ்சிக்கு வந்தாள். காஞ்சியில் அப்போது மழை இல்லை. பஞ்சம்! மணிமேகலை முதலில் ஏழைகளுக்குச் சோறு போட்டாள். பிறகுதான் அறவண அடிகள் என்ற பெரியவரின் முன் அமர்ந்து, "உண்மையைச் சொல்லுங்கள்" என்று கேட்டாள்.

அடிகள் எடுத்த எடுப்பில் தருமத்தைச் சொல்லவில்லை. ஒரு பேச்சு நிற்குமா விழுமா என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் முதலில் சொன்னார்! காப்பியத்தின் 29-ஆம் காதை முழுவதும் பெரும்பாலும் அந்தப் பாடம்தான்.

அடுக்களையும் குளமும்

அடிகள் சொன்ன உதாரணம் எது தெரியுமா? மலை, புகை, நெருப்பு! நாம் மேலே பார்த்த அதே உதாரணம்.

ஒரு வாதத்துக்கு உறுப்புகள் உண்டு என்கிறார் அவர். முதல் உறுப்பு 'பக்கம்'. நாம் நிலைநாட்ட வந்த முடிவு அது: "இந்த மலையில் நெருப்பு இருக்கிறது."

இரண்டாவது 'ஏது'. அதற்குக் காட்டும் காரணம்: "ஏனென்றால் புகை இருக்கிறது."

மூன்றாவது 'திட்டாந்தம்'. அதாவது எடுத்துக்காட்டு: "அடுக்களையைப் போல."

அடுக்களை ஏன் வந்தது? அங்கேதான் நெருப்பும் புகையும் சேர்ந்திருப்பதை எல்லோரும் தினமும் பார்க்கிறோம். "புகை இருந்தால் நெருப்பு இருக்கும்" என்ற சொல்லாத சொல்லுக்கு அடுக்களை சாட்சி.

இத்துடன் அடிகள் நிறுத்தவில்லை. எதிர்ப்பக்கத்தையும் பார்க்கச் சொல்கிறார். நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இருக்கக் கூடாது, தண்ணீரைப் பாருங்கள்! தண்ணீரில் நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. இது இரண்டாவது சாட்சி.

அடுக்களை ஒரு சாட்சி. தண்ணீர் ஒரு சாட்சி. ஒன்று 'ஆம்' என்று காட்டுகிறது. மற்றது 'இல்லை' என்று காட்டுகிறது. இரண்டும் சரியாக இருந்தால்தான் காரணம் நிற்கும்.

சரி, விடியற்காலையில் குளத்தின் மேல் வெண்மையாக எழும்புகிறதே, அது என்ன? அது பனியாக இருக்கலாம், ஆவியாக இருக்கலாம். சந்தேகம் தீராமலே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு "நெருப்பு இருக்கிறது" என்று சொன்னால் அது தப்பு. இதையும் அந்தக் காதை ஒரு குற்றமாக எழுதி வைத்திருக்கிறது!

இப்படி வாதத்தில் வரும் குற்றங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். முடிவில் வரும் குற்றம் 9. காரணத்தில் வரும் குற்றம் 14. எடுத்துக்காட்டில் வரும் குற்றம் 10. ஆக மொத்தம் 33! பார்வைக்கு வாதம் போலவே இருக்கும். ஆனால் வாதம் அல்ல. அதனால் இவற்றுக்குப் 'போலி' என்று பெயர் வைத்தார்கள்.

காஞ்சியிலிருந்து சீனம் வரை

இந்தக் கலைக்குப் பெரிய ஆசான் ஒருவர் உண்டு. திக்நாகர் என்று பெயர். 5, 6-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்தவர். அவர் பிறந்த ஊர் காஞ்சிக்கு அருகில் இருந்தது என்று திபெத்திய நூல்கள் சொல்கின்றன.

ஒரு காரணம் நல்ல காரணமா என்று பார்க்க அவர் மூன்று கேள்விகள் வைத்தார்.

ஒன்று: காரணம் அந்த இடத்தில் உண்மையாகவே இருக்கிறதா? (மலையில் இருப்பது புகைதானா?)

இரண்டு: ஒத்த இடத்தில் அது காணப்படுகிறதா? (அடுக்களையில் இருக்கிறதா?)

மூன்று: ஒவ்வாத இடத்தில் அது இல்லாமல் இருக்கிறதா? (தண்ணீரில் இல்லையா?)

இதைக் கொண்டு ஒன்பது கட்டங்கள் உள்ள ஒரு சக்கரம் அமைத்தார். ஒன்பது வகைக் காரணங்கள். அவற்றுள் எத்தனை தேறும்? இரண்டே இரண்டுதான்! மற்ற ஏழும் தள்ளுபடி.

காஞ்சியில் பிறந்த இன்னொருவர் தருமபாலர். அவர் வடக்கே நாலந்தாப் பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானார். அவருடைய மாணவர் சீலபத்திரர். அந்தச் சீலபத்திரரிடம் படித்தவர்தான் சீன யாத்திரிகர் யுவான் சுவாங். 640-ஆம் ஆண்டை ஒட்டி யுவான் சுவாங் காஞ்சிக்கே வந்தார். ஊர் திரும்பியதும் 647-ஆம் ஆண்டில் ஒரு தருக்க நூலைச் சீன மொழியில் பெயர்த்தார். 'நியாயப் பிரவேசம்' என்பது அதன் பெயர். மணிமேகலையின் 29-ஆம் காதையில் உள்ள பாடமும் இந்த நூலில் உள்ள பாடமும் மிகவும் ஒத்திருக்கின்றன. அதே முப்பத்துமூன்று குற்றங்கள் அங்கும் உண்டு!

சீனத்திலிருந்து இந்தக் கலை ஜப்பானுக்கும் போனது. நம் அடுக்களைப் புகை எவ்வளவு தூரம் போயிருக்கிறது, பாருங்கள்!

தறியடியில் ஒரு கேள்வி

இனி இன்றைய காஞ்சிபுரத்துக்கு வருவோம். ஒரு நெசவாளர் வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கூடத்தில் குழித்தறி. அப்பா தறியில் இருக்கிறார். பட்டப்படிப்பு முடித்த மகள் சுவரோரம் உட்கார்ந்து பாங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

"என்னம்மா, ஒரே பக்கத்தை இவ்வளவு நேரம் பார்க்கிறாய்?" என்கிறார் அப்பா.

"ஒரு கேள்வி அப்பா. படிக்கிறேன், கேளுங்கள்."

கேள்வி இதுதான்: "திருவிழாவுக்குப் பெருங்கூட்டம் வரும். ஆகவே கூடுதல் பஸ் விட வேண்டும்." இப்படிச் சொல்பவர் எதை உண்மை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்?

(அ) வருகிறவர்களில் சிலராவது பஸ்ஸில் வருவார்கள்.

(ஆ) வருகிறவர்கள் எல்லோரும் பஸ்ஸில் வருவார்கள்.

(இ) கூடுதல் பஸ் விடாவிட்டால் திருவிழாவே நடக்காது.

திருவிழாக் கூட்டம் என்றால் காஞ்சிபுரத்துக்காரருக்குச் சொல்லித்தர வேண்டுமா? 2019-ஆம் ஆண்டு அத்தி வரதர் தரிசனம் 48 நாள் நடந்தது. நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை வரும் தரிசனம். ஊரே ஜனக்கடல் ஆயிற்று!

"எல்லோரும் பஸ்ஸில்தானே வருகிறார்கள்? (ஆ) என்று போடு" என்கிறார் அப்பா.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? மேலே படிக்கும் முன் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

திருப்பிப் பாருங்கள்!

விடை கண்டுபிடிக்க ஒரு சுலபமான யுக்தி இருக்கிறது. ஒவ்வொரு விடையையும் 'இல்லை' என்று திருப்பிப் பாருங்கள். திருப்பினதும் வாதம் விழுந்தால், அதுதான் அவசியமான எடுகோள். திருப்பின பிறகும் வாதம் நின்றால், அது வேண்டாதது.

(அ)-வைத் திருப்புவோம். "வருகிறவர்களில் ஒருவர்கூட பஸ்ஸில் வரமாட்டார்." அப்படியானால் கூடுதல் பஸ் எதற்கு? காலியாக ஓடவா? வாதம் விழுந்தது! ஆகவே (அ) அவசியம்.

(ஆ)-வைத் திருப்புவோம். "எல்லோரும் பஸ்ஸில் வரமாட்டார்கள். சிலர் ரயிலில் வருவார்கள், சிலர் காரில் வருவார்கள்." இருக்கட்டுமே! மற்றவர்களுக்குப் பஸ் வேண்டும் அல்லவா? வாதம் நிற்கிறது. ஆகவே (ஆ) அவசியம் இல்லை.

(இ)-யைத் திருப்புவோம். "பஸ் விடாவிட்டாலும் திருவிழா நடக்கும்." நடக்கட்டும். ஜனங்கள் கஷ்டப்படாமல் வர பஸ் வேண்டும் அல்லவா? வாதம் நிற்கிறது. (இ)-யும் அவசியம் இல்லை.

விடை: (அ) மட்டும்.

இங்கே ஒரு ஜாக்கிரதை வேண்டும். 'எல்லோரும்' என்பதைத் திருப்பினால் 'ஒருவரும் இல்லை' என்று ஆகாது. 'சிலராவது இல்லை' என்றுதான் ஆகும். 'சிலராவது' என்பதைத் திருப்பினால்தான் 'ஒருவரும் இல்லை' என்று வரும். அவசரத்தில் இதை மாற்றிவிட்டு மார்க்கைக் கோட்டைவிடுகிறவர்கள் பலர்.

இந்தப் பரீட்சை யுக்தியும் திக்நாகரின் மூன்றாவது கேள்வியும் ஒன்றே அல்ல. ஆனால் இரண்டும் உறவுக்காரர்கள்! 'ஆம்' என்று காட்டும் அடுக்களையோடு நின்றுவிடாதே, 'இல்லை' என்று காட்டும் தண்ணீரையும் போய்ப் பார் என்பதே இரண்டின் சாரம்.

மூன்று பொறிகள்

கேள்வி எழுதுகிறவர்கள் வழக்கமாக மூன்று பொறி வைக்கிறார்கள்.

முதல் பொறி: அளவுக்கு மீறிய விடை. 'எல்லாம்', 'மட்டும்தான்', 'எப்போதும்' என்ற சொற்கள் அதில் இருக்கும். அப்பா விழுந்தது இந்தப் பொறியில்தான். வாதத்துக்கு ஒரு படி அரிசி போதும் என்றால், ஒரு மூட்டை அரிசி அவசியம் ஆகாது.

இரண்டாவது பொறி: சொன்னதையே திருப்பிச் சொல்லும் விடை. "திருவிழாவுக்குக் கூட்டம் வரும்" என்று ஒரு விடை இருந்தால் அது கேள்வியிலேயே இருக்கிறது. சொன்ன சொல் எப்படிச் சொல்லாத சொல் ஆகும்?

மூன்றாவது பொறி: உண்மையான, ஆனால் சம்பந்தம் இல்லாத விடை. "காஞ்சிபுரத்தில் கோயில்கள் பல உள்ளன" என்பது உண்மைதான். அதற்கும் பஸ்ஸுக்கும் என்ன உறவு? உண்மையாக இருப்பது போதாது. வாதத்தைத் தாங்க வேண்டும்.

இன்னொரு வகைக் கேள்வி அடிக்கடி வரும். "பாலாற்றில் வெள்ளம் வருகிறது. ஆகவே மேற்கே மழை பெய்திருக்கிறது." ஆற்று வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்ததை அறிவது பற்றி மணிமேகலை வஞ்சியில் கேட்ட பேச்சிலும் வருகிறது. இதில் சொல்லாத சொல் எது? "இந்த வெள்ளத்துக்கு வேறு காரணம் இல்லை" என்பதே! ஏரி உடைந்தாலும் ஆற்றில் வெள்ளம் வரும். அணை திறந்தாலும் வரும். "இதனால்தான் அது நடந்தது" என்று எங்கே பார்த்தாலும், "வேறு எதனாலும் இல்லையா?" என்று கேளுங்கள். எடுகோள் அகப்பட்டுவிடும்.

பட்டுக் கடையில் பரீட்சை

இது பரீட்சைக்கு மட்டும் உரிய வித்தை என்று நினைக்காதீர்கள். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகும்போதும் பயன்படும்.

"இது காஞ்சிபுரத்தில் வாங்கிய சேலை. ஆகவே அசல் காஞ்சிப் பட்டு."

சொல்லாத சொல்: "காஞ்சிபுரத்தில் விற்பதெல்லாம் காஞ்சிப் பட்டு." திருப்பிப் பாருங்கள். வெளியூரில் நெய்த சேலையும் இங்கே விற்பனைக்கு வரலாம் அல்லவா? வாதம் விழுந்தது! காஞ்சிப் பட்டின் பெயரைக் காப்பாற்றத்தான் 2005-06-இல் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

"இதில் பட்டு முத்திரை இருக்கிறது. ஆகவே சரிகையும் அசல்."

2004-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் 'சில்க் மார்க்' என்ற முத்திரையைப் பற்றிய பேச்சு இது. இதில் சொல்லாத சொல்: "அந்த முத்திரை சரிகைக்கும் சாட்சி." அப்படி இல்லை! நூல் அசல் பட்டு என்பதற்குத்தான் அது சாட்சி. சரிகையைப் பற்றி அது பேசவில்லை. சரிகையைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

"நூலைக் கொளுத்தினேன். மயிர் கருகுகிற நாற்றம் வந்தது. ஆகவே சேலை முழுவதும் பட்டு."

இதில் இரண்டு சொல்லாத சொற்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று: "வேறு எந்த நூலும் அப்படி நாறாது." கம்பளி நூலும் அப்படித்தான் நாறும்! ஆனால் சேலையில் கம்பளி கலப்பார் இல்லை என்பதால் இங்கே தப்பித்தோம். இன்னொன்று: "ஒரு நூல் எப்படியோ, மற்ற நூலும் அப்படியே." இதுதான் ஆபத்து. பாவு நூல் பட்டாக இருந்து, ஊடை நூல் வேறாக இருந்தால்? இரண்டிலிருந்தும் நூல் எடுத்துச் சோதித்தால்தான் வாதம் நிற்கும்.

விரலும் விலங்கும்

பட்டுச் சேலையில் ஏமாந்தால் பணம்தான் போகும். சில சொல்லாத சொற்கள் மனிதர் வாழ்க்கையையே தின்றிருக்கின்றன!

காஞ்சிபுரச் சேலையில் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் இருக்கும். இரண்டையும் பிரிக்க முடியாமல் சேர்த்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். கோர்வை நெய்ய நெசவாளரோடு இன்னொருவரும் வேண்டும். அடுத்த பக்கத்து நாடாவைத் தள்ளிக்கொடுக்க ஓர் ஆள். பல காலம் அந்த ஆள் ஒரு சிறுவனாக, அல்லது சிறுமியாக இருந்தான், இருந்தாள்.

பெற்றோர் முன்பணம் வாங்கியிருப்பார்கள். கடன் தீரும்வரை பிள்ளை தறியில் உட்கார வேண்டும். பட்டுத் தொழிலில் இப்படிக் கடனுக்குக் கட்டுப்பட்ட குழந்தைகளைப் பற்றி, காஞ்சிபுரத்தையும் சேர்த்து, 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' என்ற அமைப்பு 2003-ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது.

அதற்குச் சொல்லப்பட்ட நியாயம் என்ன? "பட்டு நூல் நுண்ணியது. குழந்தைகளின் விரல் சின்னது. ஆகவே இந்த வேலைக்குக் குழந்தைகள்தான் ஏற்றவர்கள்."

கேட்டால் சரி போலத்தான் இருக்கும். சொல்லாத சொல்லைத் தேடுங்கள். "பெரியவர்களின் விரலால் நுண்ணிய வேலை செய்ய முடியாது" என்பதே அது.

திருப்புங்கள்! "பெரியவர்களாலும் நுண்ணிய வேலை செய்ய முடியும்." முடியுமா? காஞ்சிபுரத்தின் மிக உயர்ந்த சேலைகளை நெய்தவர்கள் யார்? ஆயுள் முழுவதும் தறியில் பழகிய கைதேர்ந்த பெரியவர்கள்தானே! தலை நரைத்த நெசவாளர் ஒவ்வொருவரும் இந்த வாதத்தை உடைக்கும் சாட்சி. திக்நாகர் தேடச் சொன்ன எதிர்ப்பக்கத்துச் சாட்சி, தறிக்குழியிலேயே உட்கார்ந்திருந்தது! குழந்தைக்குச் சின்ன விரல் என்பதால் அல்ல, சின்னக் கூலி என்பதால்தான் அந்த வேலை அதன் தலையில் விழுந்தது.

2009-ஆம் ஆண்டுச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கியது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு வைத்தது. சட்டம் வந்தது நல்லதே. ஆனால், "சின்ன விரல்" என்று ஒருவர் சொன்ன அன்றே, "பெரிய விரலால் முடியாதா?" என்று யாராவது திருப்பிக் கேட்டிருந்தால், எத்தனை பிள்ளைகள் முன்னமே பள்ளிக்கூடம் போயிருப்பார்கள்!

இன்னொரு பேச்சும் கேட்கிறோம். "தறியில் வருமானம் குறைவு. ஆகவே நெசவாளர் பிள்ளை தறியை மறந்துவிட வேண்டும்." இதிலும் ஒரு சொல்லாத சொல் உண்டு. "நெசவுக்கு நல்ல கூலி ஒருநாளும் கிடைக்காது" என்பது அது. அதுவும் உண்மைதானா என்று கேட்டுப் பார்க்க வேண்டியதே. நமக்குப் பிடித்த வாதம் என்பதற்காகச் சோதிக்காமல் விடக் கூடாது.

மகள் கேட்ட கேள்வி

அந்த நெசவாளர் வீட்டில் மகள் புத்தகத்தோடு இருக்கிறாள் அல்லவா? அங்கே திரும்பிப் போவோம்.

பஸ் கணக்கு முடிந்தது. அப்பாவுக்கு விளங்கிவிட்டது. சிரிக்கிறார்.

"தறியில் துணிதான் கண்ணுக்குத் தெரியும். குழிக்குள் என் கால் மிதிப்பது யாருக்கும் தெரியாது. கால் நின்றால் துணியும் நின்றுவிடும். அந்த மாதிரிதானே அம்மா, நீ சொல்கிற எடுகோள்?"

"அதேதான் அப்பா!"

சற்று நேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு மகள் மெல்லப் பேசுகிறாள்.

"அப்பா, நேற்று ராத்திரி அம்மாவிடம் நீங்கள் சொன்னதைக் கேட்டேன். 'தை பிறந்தால் இவளுக்குக் கல்யாணம். ஆகவே இந்தப் பரீட்சை வேண்டாம்' என்றீர்களே?"

"ஆமாம்."

"அதில் சொல்லாத சொல் எது அப்பா?"

தறி நின்றுவிடுகிறது.

அப்பா யோசிக்கிறார். கல்யாணம் ஆன பெண் உத்தியோகம் பார்க்க முடியாது. அதைத்தான் அவர் சொல்லாமல் சொல்லியிருந்தார். திருப்பிப் பார்க்கிறார். பாங்கியில் தன் கணக்கைப் பார்த்துக் கொடுக்கும் அம்மாள் கழுத்தில் தாலி இருக்கிறது. மகளுக்குப் பாடம் சொன்ன டீச்சரம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள்.

"பரீட்சை என்றைக்கு அம்மா?" என்கிறார்.

அன்று காஞ்சியில் மணிமேகலை கேட்டாள். இன்று இவள் கேட்கிறாள். கேட்கிறவர்கள் இருக்கும்வரை பாடம் முடியாது.

வாசகர்களே! இன்று உங்கள் வீட்டிலும் யாராவது "ஆகவே" என்று சொல்வார்கள். நீங்களே சொல்வீர்கள். அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். சொல்லாத சொல்லை வெளியே இழுங்கள். திருப்பிப் பாருங்கள். நின்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். விழுந்தால் விட்டுவிடுங்கள்.

வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால், இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் பஸ் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை (அ) என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். "ஏன்?" என்று கேளுங்கள்!